கோச்சின் முதுகுக்குப் பின்னால்

கதிர் கண்ணு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. அதுவும் தமிழில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பக்கத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரியிலேயே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுவது போல வந்தது, கிழித்துப் போட்டேன். நேரில் சொல்லலாமே என்பாய். இந்த ஒரு வாரமாக மூன்று தடவை உன் அறை வாசல் வரை வந்தேன். நீ சூட்கேஸை எடை மெஷினில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "யெஸ், அம்மா?" என்றாய். "துவைக்கிற துணி ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று தடவையும் அதே கேள்வி. மூன்றாவது தடவை நீ சிரித்தாய். ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை நீ சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் ஏறுகிறாய். வெள்ளிக்கிழமை இத்தாலியில் யான்கோ உன்னை ஸ்டேஷனில் வந்து அழைத்துக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், அல்லது அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, அவர் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவார். வேண்டுமென்று சொல்லமாட்டார், பேச்சோடு பேச்சாக வரும். அவர் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம். ஆனால் அதை முதலில் சொன்னால் நீ மீதியைப் படிக்கமாட்டாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

யான்கோ நம் வாழ்க்கையில் வந்தது உனக்குப் பன்னிரண்டு வயதில். நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு நடக்கும் சனிக்கிழமை பாஸ்கெட்பால் லீகில் நீ பதினான்காம் எண். உங்களுக்குக் கோச்சாக இருந்த ஓர் அப்பாவுக்கு டெக்சாஸுக்கு மாற்றலாகிவிட்டது. ஆள் இல்லாமல் டீமையே கலைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெண் தன் அப்பாவை ஜிம்முக்கு அழைத்து வந்தாள். கதவளவு உயரம். கோட்டு மட்டும் நல்ல கோட்டு. அந்தப் பெண் வெட்கத்தோடு, "அப்பா கொஞ்சம் கோச்சிங் செய்திருக்கிறார்" என்றாள். கொஞ்சம் என்றால் பதினெட்டு வருடம், ஏழு ஊர். பதினாறாயிரம் பேர் விசில் அடித்துக் காசு வீசுகிற அரங்கங்களில் நின்றவர் அன்றைக்குப் பதினொரு பிள்ளைகளின் ஷூ லேஸைக் குனிந்து சரிபார்த்தார். எந்த நாடு என்று ஒருவர் கேட்டார். யான்கோ சற்று யோசித்து, "நான் பிறந்தபோது யூகோஸ்லாவியா. இன்று காலை என்ன பெயர் என்று பேப்பர் பார்க்கவில்லை" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பெண் சிரிக்கவில்லை. அங்கே அப்போது போர். இருந்த டீம் சிதறிப்போய், அடுத்த வேலைக்குப் போன் வரும் என்று மகள் வீட்டில் காத்திருந்த சமயம் அது.

அவருக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. மகளுக்குச் சனிக்கிழமையும் வேலை. "நீங்க அந்த வழியாத்தானே போறீங்க?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டபோது மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டினேன். எனக்கே லைசென்ஸ் வந்து எட்டு மாதம்தான். பக்கத்து சீட்டில் ஒரு மலை உட்கார்ந்திருக்க, பின்னால் நீ பந்தை மடியில் வைத்திருக்க, நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான், சின்னச் சின்ன வாக்கியம். அதனால் எனக்கு அவரிடம் கூச்சம் சீக்கிரம் போயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரத்தில் அந்த மொழியில் ஐந்து வார்த்தை கற்றுக்கொள்வேன் என்றார். இடது, வலது, திரும்பு, உதவு, மறுபடி. "மீதியெல்லாம் கிளப் பிரசிடென்ட் என்னைத் திட்டும்போது கற்றுக்கொள்வேன்." தமிழில் அந்த ஐந்தையும் கேட்டார். நீ பின் சீட்டிலிருந்து சொல்லிக்கொடுத்தாய். 'மறுபடி' அவர் வாயில் 'மருபதி' ஆகிவிட்டது. அந்த சீசன் முழுக்க மற்றப் பிள்ளைகளும் மருபதி, மருபதி என்றே கத்திக்கொண்டிருந்தார்கள். உன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. யான்கோ மட்டும் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று உன்னைக் கேட்டு, வீட்டில் பழகிவிட்டு வந்து சொன்னார். உனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மற்றப் பெற்றோர்கள் ஆட்டத்தில் போடுகிற கூச்சல் உனக்கு நினைவிருக்கும். நான் கேலரியின் மேல் படியில், சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரம் அவர் படியேறி வந்து, "நீங்கள் ஏன் கத்துவதில்லை?" என்று கேட்டார். கூச்சம் என்றேன். "என்ன படித்திருக்கிறீர்கள்?" கணக்கு என்றேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான் என்று உனக்குத் தெரியும். ஈரோட்டில் மூன்று வருடம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கேள்விகூட வாய் திறந்து கேட்காமல் வாங்கிய பட்டம். சர்ட்டிபிகேட் ஒரு பிளாஸ்டிக் உறையில் விசா பேப்பர்களோடு இருந்தது. கணக்கு என்றதும் அவர் ஒரு நோட்டைக் கொடுத்தார். கறுப்பு வெள்ளைப் புள்ளி அட்டை போட்ட, கடையில் விற்கிற சாதாரண நோட்டு. "கூடையை எண்ண வேண்டாம். அதை எண்ண ஆள் இருக்கிறது. ஒரு பையன் தப்புப் பண்ணினதும் எங்கே பார்க்கிறான், அதை மட்டும் எழுதுங்கள்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பந்தைத் தவறவிட்டவுடன் ஒரு பையன் தரையைப் பார்ப்பான். ஒருவன் பெஞ்சைப் பார்ப்பான். ஒருவன் தன் அப்பாவை. ஒன்றிரண்டு பேர்தான் பந்து எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். ஏழு ஊரிலும் இதை யாரையாவது எழுத வைத்திருக்கிறாராம். ஒரு ஊரில் அங்கே தரை துடைக்கிறவர், இன்னொரு ஊரில் ஒரு பாதிரியார். நான் தமிழில் குறி போட்டுக்கொண்டேன். தரைக்கு 'த', பெஞ்சுக்கு 'பெ', பந்துக்கு 'ப', பெற்றவர்களுக்கு 'அ'. அந்தப் பட்டம் அமெரிக்காவில் முதல் தடவை வேலைக்கு வந்தது அந்த நோட்டில்தான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் முடிந்து பார்த்தால் பதினான்காம் எண்ணுக்கு நேராக வரிசையாக 'அ'. ஒன்பது தப்பு, எட்டு 'அ'. ஒவ்வொரு தடவையும் நீ மேல் படியில் இருந்த என்னைத்தான் பார்த்திருக்கிறாய். என் முகத்தில் நீ என்ன பார்த்தாய் கண்ணு? நான் எப்போதும் பயந்த முகத்தோடுதானே இருப்பேன். அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். உன் வரிசையில் மட்டும் 'அ' வந்த இடங்களில் பாதியை 'ப' என்று மாற்றி எழுதினேன். கார் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருக்கும்போது நோட்டை அவரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்து அந்த நாலு எழுத்தும் அவருக்குத் தெரியும். "பதினான்கு ஒரே வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டானே" என்றார். நான் ஐஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். "மேடம், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து என்னைக் கீழே வரச்சொல்லி, தனக்கு நேர் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டார். அவர் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் இருப்பார். நீ என்னைத் தேடித் திரும்பினால் அவர்தான் தெரிவார். அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களை நான் அவர் முதுகின் இரண்டு ஓரத்திலிருந்தும் எட்டி எட்டித்தான் பார்த்தேன். பிப்ரவரி முடிவதற்குள் உன் வரிசையில் 'அ' நின்றுவிட்டது. அதை நான் திருத்தாமல் எழுதினேன்.

அதே குளிர்காலத்தில்தான் அப்பாவுக்கு வேலை போயிற்று. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உனக்குத் தெரிந்தது கடைசிப் பாதி மட்டும். டிசம்பரில் ஒரு மத்தியானம் அப்பா ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோஃபாவில் உட்கார்ந்து, "பிராஜெக்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க" என்றார். கிரீன் கார்டு அப்போது பாதியில் நின்றது. வேலை போனால் விசாவும் போகும், இருக்கிறதை எல்லாம் கட்டிக்கொண்டு கோபிக்குத் திரும்ப வேண்டியதுதான். "பையனுக்குத் தெரிய வேண்டாம். இங்க இருக்கறவங்களுக்கும் தெரிய வேண்டாம்" என்றார். "சரிங்க" என்றேன். அடுத்த நாள் காலையில் வழக்கம் போல சட்டை இஸ்திரி போட்டேன். டைகூட. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் அதே ரயில். நியூவர்க்கில் இறங்கி லைப்ரரியில் நாள் முழுக்க உட்கார்ந்து அப்ளிகேஷன் எழுதிவிட்டு, வழக்கமான ரயிலிலேயே திரும்பி வருவார். ஸ்டேஷனில் நம் ஆட்கள் எத்தனை பேர் நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஆபீஸ் எப்படி என்று பேச வேண்டும். ஒருநாள் நீ ஸ்கூல் ஃபார்ம் கொண்டுவந்து, "அம்மா, டாடிஸ் வொர்க் நம்பர்?" என்று கேட்டாய். நான் பழைய நம்பரையே சொன்னேன். என் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயம். ஏழு வாரம் அப்படி.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யான்கோவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அது உனக்கு நினைவிருக்கும். பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்பா மரியாதைக்கு, "எத்தனை ஊரில் கோச்சாக இருந்தீர்கள்?" என்று கேட்டார். "ஏழு ஊர். ஒன்பது வேலை. எட்டில் துரத்திவிட்டார்கள்" என்றார் யான்கோ, இன்னும் கொஞ்சம் அப்பளம் கேட்கிற குரலில். நீ ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "ஃபயர்ட்? எய்ட் டைம்ஸ்?" என்றாய்.

"எட்டு. ஒரு ஊரில் பன்னிரண்டு பாயிண்டில் ஜெயித்த அன்றைக்குத் துரத்தினார்கள். பிரசிடென்டின் மச்சான் மகனை நான் இறக்கவில்லை. இன்னொரு ஊரில் பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பினார்கள். அவன் பாவம், அழுதான். நான்தான் அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை. யான்கோ உன்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். "ஒரு தடவை மட்டும் தப்புப் பண்ணினேன். துறைமுகம் இருக்கிற ஊர். திங்கட்கிழமை என்னை வேண்டாம் என்றார்கள். மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு போய்த் துறைமுகத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்பது நாள். அவள் முதல் நாளே பேப்பரில் படித்துவிட்டாள். ஒன்பது நாளும் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ரொட்டி கட்டிக்கொடுத்தாள். பத்தாம் நாள், 'வேலை போனதற்கு எனக்கு வருத்தம் இல்லை, என்னை நீ அந்த ஊர்க்காரர்களில் ஒருத்தியாக வைத்துவிட்டாய்' என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு எந்த ஊருக்கும் வரவில்லை."

நான் ரசம் எடுக்க எழுந்தவள் அப்படியே நின்றேன். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு, "ஐ ஆல்சோ" என்றார். "செவன் வீக்ஸ்."

நீ அப்பாவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "பட் யூ கோ டு வொர்க்" என்றாய். உன் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதைவிட மோசமாக இருந்தது. கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஃபார்மில் எழுதிய நம்பர் வரை போயிருப்பாய்.

யான்கோவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், "யாருக்கெல்லாம் போன் செய்தீர்கள்?" என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றார் அப்பா. "ஒருவருக்கும்கூடவா? என்னைத் துரத்தின அன்றைக்கே நான் பத்துப் பேருக்குப் போன் செய்வேன். வெட்கப்பட நாளைக்கு நேரம் இருக்கிறது, போன் இன்றைக்கு." டெலிபோனைச் சுவரிலிருந்து எடுத்து வந்து, வயரை இழுத்து, நெய் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா அன்று சாயங்காலம் கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் இருந்த தன் பழைய ரூம்மேட்டுக்கு முதல் போன் செய்தார். "என்றா, ரெண்டு மாசமா என்ன பண்ணிட்டு இருந்த? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று அந்த அங்கிள் கத்தியது எனக்கு அடுப்படி வரை கேட்டது. அவர் மூலமாகத்தான் பிப்ரவரியில் நியூ ஜெர்சியிலேயே வேறு வேலை வந்தது. நாம் இந்த நாட்டில் இருப்பதற்கு அந்த மத்தியானச் சாப்பாடு ஒரு காரணம். இதை நான் மறக்கவில்லை. மறக்காமல்தான் அடுத்ததைச் செய்தேன். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

மார்ச்சில் அவருக்குத் துருக்கியிலிருந்து போன் வந்து கிளம்பிவிட்டார். பிறகு ஒவ்வொரு கோடையிலும் மகளைப் பார்க்க வருவார், உன்னை ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு வருடமும் வேறு ஊர், வேறு டீம் பனியன் உனக்கு. நான் அந்தப் பனியன்களைத் துவைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன். துருக்கி, கிரீஸ், மறுபடி துருக்கி, ஸ்பெயினில் நாலே மாதம். அவர் எந்த வீட்டிலும் திரைச்சீலை வாங்கியதில்லை என்றார் ஒருநாள் காரில். ஜன்னலுக்குப் பழைய பேப்பர் ஒட்டிக்கொள்வாராம். "திரை வாங்கிய ஊரிலெல்லாம் டிசம்பருக்குள் துரத்திவிட்டார்கள்" என்று சிரித்தார். நான் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். உனக்குப் பதினாறு வயது. ஏதோ பெரிய கதை கேட்கிற மாதிரி உன் கண் விரிந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவரிடம் முதல் தடவையாகப் பயம் வந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். நீ பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற வருடம், வசந்தத்தில், ஒரு காலை. நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். தோசைக்கல் அடுப்பில் இருந்தது. யான்கோ கிரீஸிலிருந்து கூப்பிட்டார். "கதிர் பள்ளிக்கூடம் முடிக்கிறானே. காலேஜுக்கு முன்னால் ஒரு வருடம் என்னிடம் அனுப்புங்கள். எனக்கு இங்கே ஜூனியர் டீம் இருக்கிறது. அவன் பிளேயர் ஆகமாட்டான், உயரம் இல்லை, அவனுக்கே தெரியும். ஆனால் அவன் ஆட்டத்தைப் பார்க்கிற பையன். உங்களைப் போல" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். அப்போது நான், "அவனுக்கு இஷ்டமில்லை. காலேஜ் போகிறேன் என்கிறான்" என்றேன். "அவனே சொன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது. காலேஜ் நல்லது. கோச்சுக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டார். அந்தக் கோடையில் அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. "கோச் ஏன் கால் பண்ணவே இல்ல?" என்று நீ என்னைக் கேட்டாய். பிஸியாக இருப்பார் என்றேன். நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டாய் என்று அவர் நினைத்திருக்கிறார், அவர் உன்னை மறந்துவிட்டார் என்று நீ நினைத்திருக்கிறாய். நடுவில் நான் தோசைக்கல்லோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கும் இது தெரியாது. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அவரிடமும் சொல்லப் போகிறேன்.

போன வருடம் நீயே அவருடைய மகளிடம் ஈமெயில் விலாசம் வாங்கி அவருக்கு எழுதாமல் இருந்திருந்தால் இது அப்படியே மூடிப்போயிருக்கும். இந்த வருடம் சான்டா கிளாரா கம்பெனி வேலை கொடுத்துவிட்டு, சேரும் தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் கடிதத்தையே திரும்ப வாங்கிக்கொண்டபோது, அப்பா "வெய்ட் பண்ணு, மார்க்கெட் பிக்கப் ஆகும்" என்றார். நீ, "கோச் நீட்ஸ் சம்ஒன் ஃபார் வீடியோ" என்றாய். ஆட்டங்களின் டேப்பைப் பார்த்து வெட்டிக் கொடுக்கிற வேலை, சம்பளம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை, தங்க இடம், சாப்பாடு. அப்பா இரண்டு நாள் கழித்து, "பாஸ்போர்ட் நம்மளுது இப்ப யூ.எஸ்.தான, எப்ப வேணா திரும்பி வரலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எனக்குப் பேச உரிமை இருப்பதாக நினைக்கவில்லை.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமென்றால் ஒன்றிரண்டுதான். ஜன்னலுக்குத் திரை வாங்கு. எத்தனை மாதம் இருப்போமோ என்று பார்க்காதே. சூட்கேஸிலேயே அடுக்கி வைத்துத் துணி எடுத்து உடுத்தாதே, அலமாரியில் வை. யான்கோ பெரிய மனிதர், ஆனால் பாதி வாழ்க்கையைச் சூட்கேஸிலிருந்து எடுத்து உடுத்தியவர். அவரிடம் பந்தைக் கற்றுக்கொள், இதைக் கற்றுக்கொள்ளாதே. அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் எங்களிடம் சொல்லுமுன் அவளிடம் சொல், எந்த மாதிரி வேலை இது என்று. பருப்புப் பொடி இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று அவருக்கு. நெய் அங்கேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன், தெரியவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாது. காலேஜில் முதல் வருடம் டீமுக்கு டிரை பண்ணினாய். எடுக்கவில்லை. எங்களிடம் ஆறு மாதம் பிராக்டிஸ் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "ஹவ் வாஸ் பிராக்டிஸ்?" என்று அப்பா போனில் கேட்பார், "குட், டயர்ட்" என்பாய். எனக்கு நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறி வந்த புதிதில், சான்டா கிளாராவில் மளிகைக் கடையில், உன்னோடு படிக்கிற பையனின் அம்மா, "பாவம், கதிருக்கு டீம்ல கெடைக்கலயாமே, எம்பையன் சொன்னான், ரொம்ப அப்செட்டாமே" என்றாள். "ஆமாங்க, ஆனா இப்ப ஓகே" என்று தெரிந்தவள் மாதிரியே சொன்னேன். உறைந்த பரோட்டா பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் நீ "குட், டயர்ட்" என்றாய். நானும் "நல்லா சாப்புடு கண்ணு, பிராக்டிஸ் இருக்குதல்ல" என்றேன். யான்கோவின் மனைவி ஒன்பது நாள் ரொட்டி கட்டிக்கொடுத்தாள். நான் ஆறு மாதம். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். சட்டைக்கு இஸ்திரி போட்ட கை இது.

அந்தப் புள்ளி அட்டை நோட்டை உன் சூட்கேஸின் வெளிப்பையில் வைத்திருக்கிறேன். அதன் மேல்தான் இந்தக் கடிதம். இரண்டாம் பக்கத்தில் பார், பதினான்காம் எண்ணுக்கு நேராக 'ப' என்று நான் மாற்றி எழுதிய இடங்களில் அடியில் இருக்கிற 'அ' இன்னும் தெரியும். யான்கோவிடமும் காட்டு. போன் விஷயத்தையும் அவரிடம் நீயே சொல்லு, அல்லது நான் பேசுகிறேன், உன் இஷ்டம். இதைப் படித்த பிறகு என்னோடு கொஞ்ச நாள் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் சரி. விமானம் இறங்கினதும் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடு, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி கேட்க வந்தது. இத்தனை பக்கம் சுற்றியது இதற்குத்தான்.

அந்த டீம்காரர்கள் ஒருநாள் உங்களை வேண்டாம் என்று சொல்வார்கள். யான்கோவைச் சொன்னால் உன்னையும் சேர்த்துத்தான். அவரே சொல்கிறார், கிறிஸ்துமஸைத் தாண்டினால் அதிர்ஷ்டம் என்று. யார் வழியாகவாவது தெரியும், பஸ் டிரைவரோ, அறைக் கதவில் மாற்றிய பூட்டோ. அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்தபடி நீ பத்துப் பேருக்குப் போன் செய்ய உட்காருவாய். அந்தப் பத்துக்கு முன்னால் ஒன்று எனக்குச் செய். இங்கே என்ன நேரமாக இருந்தாலும் சரி. திரும்பி வா என்று சொல்லமாட்டேன். இங்கே அப்ளை பண்ணு என்று சொல்லமாட்டேன், அப்பாவையும் சொல்ல விடமாட்டேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், "போயிருச்சு" என்று ஒரு வார்த்தை போதும். தப்பு நடந்ததும் என் பக்கம் பார்க்கக் கூடாது என்று உனக்குப் பன்னிரண்டு வயதில் பழக்கினார்கள். பழக்கியது சரிதான், அப்போது என் முகம் அப்படி இருந்தது. இப்போது நான் அந்த நாற்காலியை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு, உனக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தையும் சரிபண்ணி வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் பார் கண்ணு.

அம்மா